மெடிக்கலில் ‘அன்ஃபிட்’: ஹெபடைடிஸ் பி என்றால் வீட்டில் எல்லாருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்குத் தொண்டிப் பக்கம் ஒரு கடலோர ஊர். வயது 27. அப்பாவோடு கடலுக்குப் போகிறேன். பஹ்ரைனில் படகு வேலைக்கு விசா ஏற்பாடாகி மெடிக்கல் போனேன். ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று சொல்லி ‘அன்ஃபிட்’ போட்டுவிட்டார்கள். உடம்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மஞ்சள் காமாலை வந்ததே கிடையாது. தப்பான பழக்கமும் இல்லை. மூன்று மாத மருந்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார். அம்மா தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். என் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். தங்கை ஏழாம் மாதம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் பக்கமே போகாதே என்கிறார். என் தாய்மாமா 44 வயதில் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து இறந்தார். குடியால் வந்தது என்றார்கள். அவர் மகளைத்தான் தை மாதத்தில் எனக்குக் கட்டிவைக்கப் பேசியிருக்கிறார்கள். கல்யாணம் செய்யலாமா? அத்தை வீட்டில் சொல்வதா வேண்டாமா? மாமா மாதிரி நானும் ஆகிவிடுவேனா?

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், அதுதான் இப்போது அவசரம். தங்கையின் கர்ப்பகால அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். முடிவுகளோடு ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் தொற்றுக்கான பரிசோதனையின் (உங்களுக்குச் செய்த அதே எச்.பி.எஸ்.ஏ.ஜி.) முடிவும் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ‘நெகட்டிவ்’ என்று இருந்தால் நிம்மதி. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்களிடமிருந்து அவளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நான் பயப்படவில்லை. உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே அவளுக்கும் வந்திருக்கலாம் என்பதுதான் என் கவலை.

ஹெபடைடிஸ் பி வைரஸ் ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவும். சுத்தம் செய்யாத ஊசி, பலருக்குப் போட்ட பிளேடு, பச்சை குத்தும் ஊசி, பரிசோதிக்காமல் ஏற்றிய ரத்தம் எல்லாம் அதில் அடங்கும். நம் நாட்டில் பலருக்கும் வருகிற வழி இன்னொன்று: பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. இந்த வைரஸைப் பொறுத்தவரை எந்த வயதில் தொற்றியது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வளர்ந்த ஆளுக்குத் தொற்றினால் காய்ச்சல், வாந்தி, காமாலை என்று சில வாரம் படுத்தலாம், அப்புறம் 100 பேரில் 95 பேருக்கு மேல் உடம்பே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ். அந்தப் பிஞ்சு உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அதை அந்நியன் என்று அடையாளம் காணத் தெரியாது. அதனால் 100 குழந்தைகளில் 90 பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. காமாலையோ காய்ச்சலோ எதுவும் காட்டாமல் தங்கும். 27 வயதில் நல்ல திடத்தோடு கடலுக்குப் போய்வருகிற ஒருவருக்கு, காமாலையே வந்திராதபோது இது தெரியவருகிறது என்றால், பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்ததாகத்தான் இருக்கும்.

‘தப்பான பழக்கமும் இல்லை’ என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன். அந்த வரியை எழுத வேண்டிய நிலைமைக்கு உங்களைத் தள்ளிய ஊர்ப்பேச்சை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

இப்போது மாமாவைப் பற்றி. வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுத்து இறந்தார் என்றால் அது ஈரல் சுருங்கிப்போனதன் அடையாளம். ஈரல் தழும்பாகி இறுகும்போது அதற்குள் போகிற ரத்தத்துக்கு வழி அடைபடும். அந்த அழுத்தத்தில் வயிற்றில் நீர் சேரும், உணவுக்குழாயில் இருக்கும் நாளங்கள் புடைத்து வெடிக்கும். இதைச் செய்யக் குடி ஒன்றே போதும், உண்மைதான். ஆனால் ஹெபடைடிஸ் பி இருக்கிற ஈரலில் குடியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் செய்யும். இறந்தவர் உங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாயிடமிருந்து இரண்டு பேருக்கும் வந்து, அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம் என்பது நீங்கள் எழுதியதை வைத்து நான் யோசிப்பது. உறுதி செய்ய அம்மாவின் ரத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்குத் தட்டைத் தனியாக வைத்த அம்மாவுக்குத்தான் உங்களை விட அவசரமாக ஈரல் பரிசோதனை தேவைப்படலாம். அவர் வயதில் இந்த வைரஸ் இன்னும் அதிக காலம் வேலை செய்திருக்கும்.

அம்மாவிடம் இதைச் சொல்லும்போது பழி போடுகிற தொனி துளிகூட வரக்கூடாது. அவருக்குத் தெரிய வழியே இல்லை. பாரூக் ப்ளம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த வைரஸின் புரதத்தைக் கண்டுபிடித்ததே 1960களில்தான், அதற்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது நாடு முழுக்க வந்தது 2011-12 வாக்கில். நீங்கள் பிறந்தபோது அந்த அட்டவணையில் இந்தத் தடுப்பூசி இல்லை. அம்மாவைச் சோதிக்கவும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘எனக்கு இருக்கிறதால் வீட்டில் எல்லாருக்கும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்’ என்று மட்டும் சொல்லுங்கள், போதும். அப்பா, அம்மா, தங்கை, வேறு கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் வரட்டும். இல்லை என்று வந்தவர்களுக்குத் தடுப்பூசி போடலாம்.

தங்கைக்குப் பாசிட்டிவ் என்று வந்தாலும் பயம் வேண்டாம், நேரம் இருக்கிறது. ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28ஆவது வாரத்திலிருந்து வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்போம். ஏழாம் மாதம் என்பது ஏறக்குறைய அதே வாரம், என் அவசரம் அதனால்தான். குழந்தை பிறந்தவுடன், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், கூடவே இன்னொரு தொடையில், உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் போட வேண்டும். பிரசவம் பார்க்கப் போகிற மருத்துவமனையில் அந்த ஊசி கைவசம் இருக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். சுகப்பிரசவம் ஆகலாம், தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிடலாம். அதோடு உங்கள் குடும்பத்தில் இது நின்றுவிடும்.

இனி உங்களுக்கு. பாசிட்டிவ் என்றால் வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஈரல் எப்படி இருக்கிறது என்று அந்த ஒரு வார்த்தை சொல்லாது. முதலில் அதே பரிசோதனையை இன்னொரு ஆய்வகத்தில் எலைசா முறையில் செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவாகவே இருந்தால்தான் நாள்பட்ட தொற்று என்போம். உங்கள் விஷயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் கணக்குப்படி பார்த்துவிடுவோம். அத்துடன் எஸ்.ஜி.பி.டி. முதலான ஈரல் பரிசோதனைகள், தட்டணுக்களின் எண்ணிக்கை, வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் ‘இ’ ஆன்டிஜென், வைரஸின் அளவு, மேல்வயிற்று ஸ்கேன், முடிந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், ஒரு தடவை ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இவை வேண்டும். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் காட்டி ஆரம்பிக்கலாம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வைரஸ் அளவு பார்க்க ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம், கொஞ்சம் பொறுத்திருங்கள். ஈரல் நிபுணர் பார்க்க வேண்டுமென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. இந்த வைரஸ் நேரடியாக ஈரலைத் தின்பதில்லை. வைரஸ் குடியிருக்கும் ஈரல் அணுக்களை நம் உடம்பின் எதிர்ப்புப் படையே தாக்குகிறது, அந்தச் சண்டையில்தான் ஈரல் புண்ணாகி, தழும்பேறுகிறது. சண்டை நடக்காத வருடங்கள் உண்டு, மூர்க்கமாக நடக்கிற வருடங்களும் உண்டு. வலி இருக்காது. அதனால் ‘எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கவனிக்காமலே விட்டால், குழந்தையில் தொற்றியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஈரல் சுருக்கத்தாலோ ஈரல் புற்றுநோயாலோ இறக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. அதில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பஹ்ரைன் கைவிட்டுப் போன ஏமாற்றத்தில் இது ஆறுதலாகப் படாது என்று தெரியும், ஆனால் மாமாவுக்குக் கிடைக்காதது இதுதான்.

மாமா மாதிரி ஆகிவிடுவேனா என்று கேட்டீர்கள். இப்போதே பார்த்து, தவறாமல் தொடர்ந்து பார்த்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் மாத்திரையைத் தொடங்கினால், அந்த முடிவைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினம் ஒரு மாத்திரை. இவை வைரஸ் பெருகுவதை நிறுத்தும், தழும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக்கூட இடம் கொடுக்கும், புற்றுநோய் வாய்ப்பையும் குறைக்கும். ஆனால் வைரஸை அடியோடு எடுக்காது. ஈரல் அணுவின் கருவுக்குள் அதன் மூலப்பிரதி ஒன்று பதுங்கியிருக்கிறது, வளைக்குள் இருக்கும் நண்டு மாதிரி. வெளியே வந்தால் பிடிக்கலாம், வளையைத் தோண்டி எடுக்கும் மருந்து இன்னும் நம் கையில் இல்லை. அதனால் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும், நாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடங்கிய வைரஸ் ஒரேயடியாகக் கிளம்பி, ஈரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஏஜென்ட் சொன்னதற்கும் இதில் பதில் இருக்கிறது. மருந்து சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும். ஆனால் வெளிநாட்டு மெடிக்கலில் பார்ப்பது அந்த மேலுறைப் புரதத்தை. அது தானாக மறைவது வருடத்துக்கு நூறில் ஒருவருக்கு. மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்குகிறேன் என்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேறு ஆள் ரத்தத்தைக் காட்டிப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் வேண்டாம். அங்கே இறங்கியதும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், கடன் வாங்கிப் போன கையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘அன்ஃபிட்’ என்பது அந்த நாட்டு வேலை விதி. உங்கள் உடம்பு வேலைக்கு லாயக்கில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. நீங்கள் கடலுக்குப் போகலாம், வலை இழுக்கலாம், மீன் விற்கலாம்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். அம்மாவின் நம்பிக்கை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடக்கூடியது இல்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், மேலே சொன்ன ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்த தொற்றாளர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தப் புரதம் மறைந்தது என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு தமிழ் மருத்துவனாக எனக்கும் அது நிரூபணமாகியிருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு, ஆனால் இன்றைய நிலையில் அதை நம்பி மற்றதை விடச் சொல்ல என்னால் முடியாது. வாசலில் பறித்து அரைக்கிற இலையைவிட, பெயர் தெரியாத சூரணமும் பொட்டலத்தில் வருகிற ‘காமாலை மருந்தும்’ எனக்குப் பெரிய பயம். ஈரலையே கெடுக்கக்கூடிய உலோகங்கள் சில பொடிகளில் இருப்பதுண்டு. அவற்றைத் தொடாதீர்கள். எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தட்டும் டம்ளரும் பழைய இடத்துக்கே வரட்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், இருமுவதால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால், கொசுக்கடியால் இது பரவாது. தங்கை பிள்ளை பிறந்ததும் நீங்கள்தான் தூக்கிக் கொஞ்ச வேண்டும். தனியாக வைக்க வேண்டியவை வேறு: சவரக்கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். உலர்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாள்வரை உயிரோடு இருக்கும் என்பதால் இதில் மட்டும் கறாராக இருங்கள். கடலில் பல நாள் தங்கிப் பிடிக்கும் ‘தங்கல்’ படகில் ஒரே ரேசரை நாலு பேர் போடுகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். தூண்டில் முள்ளோ மீன் முள்ளோ கிழித்தால் கழுவிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். பலகையில் சிந்திய ரத்தத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். ரத்ததானம் மட்டும் செய்யக் கூடாது.

கல்யாணத்தைத் தாராளமாகச் செய்யலாம். பிள்ளைகளும் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் சொல்லாமல் செய்யக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றிய முடிவு அவளுடையது. அதோடு, அத்தை வீட்டுக்கு இது புதுச்செய்தியாக இருக்க வேண்டியதில்லை. மாமாவுக்கு இருந்திருந்தால் அத்தைக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எப்படியும் பரிசோதனை வேண்டும். நீங்கள் ஒரு குறையை ஒப்புக்கொள்ளப் போவதாக நினைக்காமல், அவர்கள் வீட்டுக்கும் தேவையான தகவலைக் கொண்டுபோகிறீர்கள் என்று நினைத்துப் போங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் இரண்டு பேருமாக மருத்துவரிடம் வாருங்கள், நாங்கள் எடுத்துச் சொல்கிறோம்.

அவளுக்குத் தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். இது ஆடி. இப்போது தொடங்கினால் ஆவணியில் இரண்டாவது, தையில் மூன்றாவது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10 யூனிட்டுக்கு மேல் வந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை ஆணுறை. அளவு வந்துவிட்டால் அப்புறம் ஒரு கட்டுப்பாடும் இல்லை.

குடியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கடலிலிருந்து வந்த அசதிக்கு ஒரு குவார்ட்டர் என்பது நம் கரையில் சாதாரணம். உங்களுக்கு அது கூடவே கூடாது, கொஞ்சமும் கூடாது. பீடி, சிகரெட்டும் அப்படியே. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, ஈரத்தில் கறுத்த மிளகாய் வற்றல் இவற்றை வீட்டில் தூக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும். இன்னொன்று, மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் சிலர் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரைகள் அடங்கிய வைரஸைக் கிளப்பிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் ‘எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மருந்து தேவையில்லை என்று இப்போது சொன்னாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும். நாள் மறந்துபோகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு முறை வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றுமாகக் கடலுக்குப் போக முடியாத நாட்களில் இன்னொரு முறை வாருங்கள். வேலையும் கெடாது, இடைவெளியும் சரியாக இருக்கும். மேல்வயிற்று ஸ்கேனுக்குக் காலையில் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். மெடிக்கல் சென்டரில் கொடுத்த காகிதம், ஆதார் அட்டை, தங்கையின் அட்டையின் நகல், மாமாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அத்தை வீட்டில் இருந்தால் அவையும் எடுத்து வாருங்கள். அம்மாவையும் அதே நாளில் கூட்டி வந்துவிடுங்கள்.